புள்ளி இல்லாத பெயர்

திரேஸ்புரம் கரையில் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே ஜெர்லினுக்கு வியர்த்துக் கொட்டியது. காலை வெயில்தான். ஆனால் தூத்துக்குடி வெயிலுக்குக் காலை என்ன, மத்தியானம் என்ன? துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு, கரையில் ஏற்றிக் கிடந்த வள்ளங்களுக்கு நடுவே எதையோ தொலைத்தவள் மாதிரி தரையைப் பார்த்தபடி நடந்தாள். அவள் தேடி வந்தது துரு.

ஆமாம், துருதான். சிரிக்காதீர்கள். பிளெக்ஸ் பேனர் வடிவமைக்கிறவளைக் கேட்டால் தெரியும் நல்ல துருவின் அருமை. நெட்டில் கிடைக்கிற துருப் படங்களெல்லாம் ஊர் முழுக்கப் புழங்கிச் சலித்தவை. புதுக்கோட்டை ஜிம் திறப்புவிழா பேனரில் இருந்த அதே துரு, ஏரல் டிராக்டர் கடை விளம்பரத்திலும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. கூடப் பிறந்த தம்பியின் கல்யாணத்துக்கு அந்த எச்சில் துருவையா வைப்பது?

தம்பி ரெக்சன் சங்கு குளிக்கிறவன், கடலுக்குள் மூழ்கிச் சங்கு எடுக்கிறவன். கடலடியில் கிடந்த இரும்பை வெட்டி எடுத்தது போல மாப்பிள்ளை பெயர் பேனரில் நிற்க வேண்டும் என்பது அவன் கூட்டாளிகளின் ஆசை. ஜெர்லினுக்கும் அந்த யோசனை பிடித்துப்போயிற்று. அப்பா போனபிறகு அவனை அடித்து வளர்த்தவளும் அவள்தான், அடித்துவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுதவளும் அவள்தான். அவனுக்கு ஒரு நல்லது நடக்கையில் அவள் கையால் ஏதாவது செய்யாமல் இருப்பாளா?

வலைக்கூடத்தின் ஓரத்தில் அது கிடந்தது.

சங்குகுளி வள்ளத்தில் வைத்திருக்கும் காற்று டேங்க். கம்ப்ரஸர் அடிக்கிற காற்று இதில் நிறைந்து, நீளமான ரப்பர் ஓஸ் வழியாகக் கீழே குளிக்கிறவன் வாய்க்குப் போகும். இந்த டேங்க்கின் நீலப் பெயின்ட் செதில் செதிலாகப் பிய்ந்திருந்தது. அதற்கடியில் செம்மண் நிறம், அதற்கும் அடியில் ஓரம் கருகிய ஆப்பம் மாதிரிப் பொரிந்த துரு. இப்படி ஒரு துருவைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து உண்டாக்க ஒரு வாரம் ஆகும். வால்வைக் கழற்றிய இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை, கடலைப் பார்த்துத் திறந்திருந்தது.

“ஏளா ஜெர்லினு, அங்கன என்ன செய்த?”

சாளை மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த அல்போன்சா குரல் கொடுத்தாள். ஜெர்லினுக்குச் சொந்தத்தில் மைனி, அதாவது அண்ணி முறை.

“படம் எடுக்கேன் மைனி. பேனருக்கு.”

“ஒனக்கு வேற எடமே கெடைக்கலையா? அது ரோச்சோட டேங்க்குல்லா.”

ஜெர்லினின் கை நின்றது. ரோச்சை அவளுக்குத் தெரியும். ரெக்சனோடு குளித்தவன், போன வருஷம் போய்ச் சேர்ந்தவன். கோயிலில் அவன் கல்யாண அறிவிப்பு ஓலை மூன்றாம் முறையும் வாசித்தாயிற்று, பெண்ணுக்குச் சேலை எடுத்தாயிற்று. ஒரு நாள் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவனைத் தூக்கித்தான் கொண்டுவந்தார்கள்.

அப்படி ஒருவன் போய்விட்டால், அவன் கடைசியாகக் காற்று குடித்த டேங்க்கை இவர்கள் காயலான் கடைக்குப் போடுவதில்லை. அவனுக்கு உள்ள காற்று அதற்குள் மிச்சம் கிடக்கிறது என்பார்கள். வால்வைக் கழற்றி, வாயைக் கடல் பக்கம் திருப்பி வைத்துவிடுவார்கள். மெள்ள மெள்ள அது போய்க்கொள்ளட்டும். இரும்பு உதிர்ந்து மண்ணோடு மண்ணாகும் வரை அந்த வாயை யாரும் அடைக்கக் கூடாது. இது ஜெர்லினுக்கும் தெரிந்ததுதான்.

படம் எடுப்பதில் என்ன இருக்கிறது? அடைக்கவா போகிறாள்?

“அது கெடக்கட்டும்” என்றாள் அல்போன்சா. “ஒந் தம்பி விடியக்காலமே ஜெரால்டு வள்ளத்துல ஏறிப் போனானே, ஒனக்குத் தெரியுமா தெரியாதா?”

“யாரு, ரெக்சனா?”

“பெறவு யாரு? மூணு ஓலையும் வாசிச்ச பெறவு எவனாவது தண்ணிக்குள்ள எறங்குவானா? நான் சொன்னா பல்லக் காட்டிட்டுப் போறான்.”

ஜெர்லினுக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. அந்த இடத்திலேயே போனைப் போட்டாள். “ஏலே கூறுகெட்டவனே! ஒனக்கு அறிவு இருக்கா?”

“யக்கா, கத்தாத. ஆளு கொறவுன்னு ஜெரால்டண்ணன் கெஞ்சுனாரு. மத்தியானச் சோத்துக்கு வந்துருவேன்.” பின்னால் கம்ப்ரஸர் தடதடத்தது. “பேனரு மட்டும் சும்மா அதிரணும், என்ன?” சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

எரிச்சலோடு குனிந்து படம் எடுத்தாள். வெயிலில் கிடந்த இரும்பு கையைச் சுட்டது. ஆனால் ஓட்டைக்கு நேரே போனைக் கொண்டுபோனபோது விரல்நுனி சில்லிட்டது. பழைய ரப்பரும் தேங்கிய கடல்தண்ணீரும் கலந்த ஒரு வாடை. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு நடையைக் கட்டினாள்.

கடைக்குள் நுழைந்தபோது முதலாளி செந்தூர்வேல் வடையைப் பேப்பரில் அழுத்தி எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார். ஏரல்காரர். வாய் ஓயாத மனுஷன்.

“வாம்மா, மாப்பிள்ளைக்கு அக்கா. துரு கெடைச்சுதா? எங்க வீட்டு கேட்டைப் படம் புடிச்சிருந்தா பெட்ரோலாவது மிச்சமாயிருக்கும்.”

“ஒங்க வீட்டு கேட்டுல துருவைத் தவிர கேட்டே இல்லையே அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். அவருக்குப் புரையேறிவிட்டது.

படத்தைத் திறந்தாள். வெளிச்சத்தைக் குறைத்து, கறுப்பைக் கூட்டினாள். துரு மேலெழுந்து நின்றது. தொட்டால் விரலில் ஒட்டும் போலிருந்தது. இனி அதன் ஓரங்களை ஒட்டுத் தெரியாமல் சேர்க்க வேண்டும். அப்போதுதான் எவ்வளவு பெரிய பேனரிலும் அடுத்தடுத்து வைத்து நிரப்பலாம். அதற்கு நடுவில் இருந்த ஓட்டை இடைஞ்சல். அப்படியே விட்டால் பேனர் முழுக்கச் சட்டைப் பொத்தான் மாதிரி வரிசையாக விழும்.

குளோன் ஸ்டாம்பை எடுத்தாள். பக்கத்தில் இருக்கும் துருவை அள்ளி ஓட்டை மேல் பூசுகிற கருவி அது. நாளைக்கு நூறு தடவை செய்கிற வேலை. தழும்பு, பரு, மின்கம்பி, வேண்டாத மச்சான் என்று எத்தனையோ பேரை எத்தனையோ படத்திலிருந்து அப்படி அழித்திருக்கிறாள். கை தன்பாட்டுக்குப் பூசியது. ஓட்டை மறைந்தது.

தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினாள். ஓட்டை இருந்தது.

சரியாக அழுத்தவில்லை போலும் என்று மறுபடியும் பூசினாள். பெரிதாக்கிப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. சிறிதாக்கினாள். அதே இடத்தில் கறுப்பாக, கொஞ்சம் சிறுத்து, அது மறுபடியும் திறந்திருந்தது. சுற்றியிருந்த துரு ஈரம் பட்டது போல மினுமினுத்தது.

“சனியன்” என்று முணுமுணுத்தாள். அவளுக்குப் பிடிவாதம் அதிகம். பிரஷ்ஷைப் பெரிதாக்கி, நிறுத்தாமல், அடை அடையென்று அடைத்தாள். கடைசியில் அடைந்துவிட்டது. அந்தப் படத்தை, இனி மாற்ற முடியாதபடி ஒரே அடுக்காகத் தட்டையாக்கிச் சேமித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு காற்றை இழுக்கிற சத்தம். இழுத்தது. நின்றது. விடவே இல்லை.

“அண்ணாச்சி, பிரிண்டர் ஃபேன் ஓடுதா?”

“நான் இன்னும் ஆனே பண்ணலியேம்மா.”

ஜெர்லின் தோளைக் குலுக்கிக்கொண்டாள். ரோட்டில் லாரி போயிருக்கும். ரெக்சன் என்று பெரிதாகத் தட்டி, அதன் மேல் துருவை ஏற்றினாள். ஓரங்களைச் செதுக்கி, உளி பட்ட மாதிரி பள்ளம் வைத்து, வெளிச்சம் ஒரு பக்கமாக விழச் செய்தாள். கீழே விஜிலா என்று பெண்ணின் பெயர், பொன்னிறத்தில். ரெண்டு பேரின் படமும் வைத்தாயிற்று. சும்மா சொல்லக்கூடாது, அவள் இதுவரை செய்ததிலேயே அதுதான் அழகு. தம்பியின் பெயரைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண் கலங்கியது.

பிரிண்டர் இழுத்து இழுத்து அச்சடித்தது. பிளெக்ஸைத் தரையில் விரித்த செந்தூர்வேல் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு சிரித்தார்.

“எம்மா ஜெர்லின், சொந்தத் தம்பி பேருல புள்ளி எங்கம்மா?”

ஜெர்லின் எட்டிப் பார்த்தாள். ரெகசன என்று இருந்தது. க-வுக்குப் புள்ளி இல்லை, ன-வுக்கும் இல்லை. தமிழ் எழுத்துரு செய்கிற வழக்கமான கோளாறு என்றுதான் நினைத்தாள். பேனர் கடையில் இது தினசரிச் சண்டை.

பிறகு அவற்றைக் கண்டாள். புள்ளிகள் காணாமல் போகவில்லை. எழுத்துகளுக்கு மேலே, ரெக்சன் படத்தின் தோளுக்குப் பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக ரெண்டும் நின்றன.

“இதென்ன இங்கன வந்து நிக்கி?” அவள் குனிந்து விரலால் தொட்டாள். மை காய்ந்திருந்தது. செந்தூர்வேலைக் கூப்பிடத் தலையைத் திருப்பி, மறுபடியும் பார்த்தாள்.

புள்ளிகள் அவன் நெற்றிக்கு மேலே இருந்தன.

கொஞ்சம் பெரிதாகியும் இருந்தன.

அவள் கண்ணை இமைக்காமல் பார்த்தாள். பார்க்கும்போது அவை அசையவில்லை. இமை மூடித் திறந்த நேரத்தில் ஏறின. பேனரின் மேல் ஓரத்தை நோக்கி, ஆடி ஆடி, ஏறின. கடற்கரையில் பிறந்தவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். கீழே குளிக்கிறவன் விடுகிற மூச்சு இப்படித்தான் மேலே வரும்.

முதல் புள்ளி ஓரத்தைத் தொட்டது. அடுத்த தடவை பார்க்கையில் அது இல்லை.

ரெண்டாவதும் இல்லை.

அதற்குப் பின் வேறு எதுவும் வரவில்லை.

“ரெக்சன்” என்றாள்.

ஜெரால்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது அந்தப் பக்கம் ஒரே கூச்சல்.

“ஜெரால்டண்ணே, ரெக்சன மேல ஏத்துங்க!”

“கயிறு ஆட்டுனா பதில் இல்ல தாயி! கொமுளி நின்னுபோச்சு. கம்ப்ரஸர் ஓடுது, டேங்க்குல காத்து நெறஞ்சு நிக்கி, ஓஸ்ல போகமாட்டேங்கி. எங்கன அடைச்சிருக்குன்னே தெரியல. பயலுவ குதிச்சிருக்கானுவ...”

எங்கே அடைத்திருக்கிறது என்று ஜெர்லினுக்குத் தெரிந்துவிட்டது.

மாதாவே! அடைத்தது அவள்.

கம்ப்யூட்டருக்கு ஓடினாள். பின்னால் போகிற பொத்தானை அழுத்தினாள், அழுத்தினாள். தட்டையாக்கிச் சேமித்த படம் பின்னால் போகவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கரையில் எடுத்த மூலப் படத்தை அதில் தேடினாள். டேங்க் இருந்தது. துரு இருந்தது. ஓட்டை அதிலும் இல்லை. தொட்டுக்கூடப் பார்க்காத படத்தில் மொழுமொழுவென்று மூடிக் கிடந்தது.

“என்னம்மா ஆச்சு? யாருக்கு என்ன?” செந்தூர்வேலின் முகம் வெளிறியது.

அவள் மேஜை மேல் கிடந்த கட்டரை எடுத்துக்கொண்டு தரையில் கிடந்த பேனர் மேல் மண்டி போட்டாள். துரு எழுத்துகளின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். ரெ சூடு. க சூடு. ச-வின் வளைவில் கை சில்லென்றது.

அங்கேதான் இருந்தது. பிளெக்ஸ் லேசாக உப்பிக்கொண்டு கையை முட்டியது.

பெரிய பேனரைக் கட்டும்போது காற்று பிய்க்காமல் இருக்கப் பிறை மாதிரி கீறிவிடுவார்கள். காற்று போக வழி. அவள் கைக்குப் பழகின வெட்டு அதுதான். கட்டரைச் செருகிச் சுற்றி இழுத்தாள்.

காற்று வந்தது.

அடியில் இருப்பதோ டைல்ஸ் தரை. அங்கிருந்து எப்படி வரும்? ஆனாலும் வந்தது. அவள் முடி பின்னால் பறந்தது, மேஜையில் இருந்த வடைப் பேப்பர் சுவரில் போய் ஒட்டியது. ரப்பர் வாடை, துரு வாடை, கடலடிச் சேற்றின் வாடை. ஒருவனால் எத்தனை நேரம் மூச்சை விட முடியுமோ அதைவிட நெடுநேரம் அது வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெருமூச்சு போல அடங்கியது.

போனில் ஜெரால்டு அலறினார். “வந்துட்டான் தாயி! தானா மேல வந்துட்டான்! மூச்சு விடுதான்! நல்லா விடுதான்!”

ஜெர்லின் அந்தப் பிளெக்ஸ் மேலேயே குப்புற விழுந்து ஓவென்று அழுதாள். செந்தூர்வேல் ஒரு மூலையில், தன் ஊர்ச் சாமி பேரையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு நின்றார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை என்றார்கள். நுரையீரல் அவ்வளவு சுத்தமாக இருக்கிறதென்று டாக்டருக்கே ஆச்சரியம். அம்மா ஆக்னஸ் ஜெபமாலையும் கையுமாக வெளியே போனபோது, ஜெர்லின் அவன் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு காதாகக் கேட்டாள்.

“கீழ என்னலே ஆச்சு?”

“காத்து நின்னுபோச்சு” என்றான் ரெக்சன். குரல் கட்டியிருந்தது. “பெறவு வந்துச்சு. ஆனா ஓஸ்லேர்ந்து வரலக்கா. ஓஸு வாயிலேர்ந்து நழுவிருந்துச்சு.”

“அப்போ எங்கேர்ந்துலே வந்துச்சு?”

அவன் சுவரைப் பார்த்தான். “தெரியல. துரு ருசி. வேண்டாம்னு இருந்துச்சு. வேற வழி இல்லாம இழுத்துட்டேன்.”

அதற்கு மேல் அவன் பேசவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்குப் பிறகும் அதிகம் பேசவில்லை. கூட்டாளிகள் கேலி செய்தால் தலையாட்டினான். விஜிலா போனில் கூப்பிட்டால் ம் கொட்டினான். பயந்த பிள்ளை, தெளிந்துவிடுவான் என்றார்கள். ஜெர்லினும் அப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டாள். அந்தப் பேனரை அவளே கொளுத்தினாள், கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்தாள். மண்டப வாசலுக்கு வெள்ளைத் துணியில் சிவப்புப் பெயின்டால் சாதாரணமாக எழுதி வாங்கிக்கொண்டாள். புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தாள்.

கல்யாணத்தன்று கோயில் நிரம்பி வழிந்தது. மல்லிகைப்பூவும் புதுப் பட்டும் சாம்பிராணியும் மணத்தன. தம்பி கோட் சூட்டில் ராஜா மாதிரி நின்றான். பக்கத்தில் விஜிலா தலை குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் இருந்த ஜெர்லினுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. என் பிள்ளை பிழைத்துவிட்டான், அது போதும் என்று நினைத்தாள்.

ஃபாதர் மைக்கை அவன் பக்கம் நீட்டினார். இருவரும் வலது கையைச் சேர்த்தார்கள்.

“ரோச் ஆகிய நான்...”

குரல் கணீரென்று வந்தது. கட்டிய தொண்டையெல்லாம் எங்கே போயிற்றோ. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஃபாதரும் புன்னகைத்தார். “பதட்டப்படாதீங்க தம்பி. உங்க பேரைச் சொல்லுங்க.”

அவன் மூச்சை இழுத்தான். மைக்கில் அது கோயில் முழுக்கக் கேட்டது. இழுத்துக்கொண்டே இருந்தான்.

“ரோச் ஆகிய நான், விஜிலா ஆகிய உன்னை என் மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன்.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஆக்னஸ் ஜெர்லினின் கையைப் பிடித்தாள். அம்மாவின் விரல்கள் ஐஸாக இருந்தன.

“ஏளா, என் மவன் யாரு பேரச் சொல்லுதான்?”

ஜெர்லின் தம்பியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெக்சன் அவளையே பார்த்தான், கண் நிறையக் கண்ணீரோடு, காப்பாற்று என்று கெஞ்சுவது போல. மைக்கில் இன்பத்திலும் துன்பத்திலும் என்று குரல் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது.

அவன் உதடுகள் அசையவே இல்லை.